மாமனார் கரையவில்லை

“உங்க மாமனார் இன்னும் கரையலையா?” என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தாள் தராசக்கா.

“ரெண்டு மணி நேரமாச்சு. ஓரம்கூடத் தேயல” என்றாள் மருமகள், கண்ணாடிக் குழாய்களிலிருந்து கண்ணை எடுக்காமல்.

வெளியாள் யார் காதிலாவது இது விழுந்திருந்தால் போலீஸுக்குப் போன் பறந்திருக்கும். விஷயம் அவ்வளவு பயங்கரம் இல்லை. அந்த ஆய்வுக்கூடத்துக்குச் சோதனைக்கு வரும் சத்து மாத்திரைகளுக்கெல்லாம் எண்தான் பெயர். இது எண்ணில்லாமல் மருமகளின் கைப்பையில் புட்டியோடு ஒளிந்து வந்த, அவள் மாமனாரின் மாத்திரை. அதனால் தராசுப் பிரிவைப் பார்க்கும் தராசக்காவே ஒரு சீட்டில் ‘மாமனார்’ என்று எழுதி ஒட்டிவிட்டாள். உடல் சூட்டுத் தண்ணீரில் ஆறு மாத்திரைகள் கூடையோடு மேலும் கீழும் முங்கி முங்கிக் குளித்துக்கொண்டிருந்தன. அரை மணியில் கரைந்திருக்க வேண்டியவை.

மாத்திரைதான் கரையவில்லையே தவிர, மருமகள் வயிற்றில் புளி நன்றாகவே கரைந்தது.

நாற்பது நாளாக மாமனார் ஆளே மாறிப் போயிருந்தார். லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு மாடி ஏறவும் லிஃப்டைத் தேடுகிற அந்த மனிதர், இப்போது தெருமுனைக் கட்டடத்தின் நாலு மாடியையும் படியில் ஏறுகிறார். அங்கேதான் மாத்திரைக்காரர்களின் கூட்டமாம். தினமும் சாயங்காலம் மாமியாரையும் கூட்டிக்கொண்டு போய்விடுகிறார். திரும்பி வரும்போது விசில், குளியலறையில் பாட்டு. என்ன மாமா விசேஷம் என்று கேட்டால் அலமாரியில் இருக்கும் புட்டியைக் காட்டுவார். ஒரு மாத்திரையும் போடாத மாமியாரும் கூடச் சேர்ந்து பாட்டை முணுமுணுப்பதுதான் கொஞ்சம் இடித்தது. ஒட்டுவாரொட்டி போலிருக்கிறது என்று மருமகள் விட்டுவிட்டாள்.

புட்டியைப் பார்த்தால்தான் பகீரென்றது. தயாரித்தவன் முகவரி இல்லை, காலாவதி தேதி இல்லை. சத்தின் அளவு என்று எழுதியிருந்த இடத்தில் ‘ஏராளம்’ என்று போட்டிருந்தது.

இந்த லட்சணத்தில், ஞாயிற்றுக்கிழமை முந்நூறு பேர் முன்னால் மேடையேறி மாத்திரையின் மகிமையைக் காட்டப் போகிறாராம், வீட்டோடு எல்லாரும் வந்துவிட வேண்டுமாம். முந்நூறு பேரும் அவர் காலின் சுறுசுறுப்பைப் பார்த்துவிட்டு அந்தக் கல்லை வாங்கி விழுங்கினால்? நாளைக்கு யாருக்காவது ஏதாவது ஆனால் மாமனார் தலைதான் உருளும். நினைக்க நினைக்க மருமகளுக்கு உட்கார முடியவில்லை. மிச்சத்தை எடை போட்டு வைக்கும்படி புட்டியைத் தராசக்காவிடம் தள்ளிவிட்டு, கரையாத ஆறையும் ஒரு சின்னக் குப்பியில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள்.

மாமனார் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பத் தயாராக நின்றார். குப்பியை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

“மாமா, இது கரையல.”

“எனக்குக் கரையுதேம்மா” என்று இரண்டு காலையும் மாற்றி மாற்றித் தட்டிக் காட்டினார்.

மருமகள் பொரிந்து தள்ளினாள். கரையாத மாத்திரை போன மாதிரியே வெளியே வந்துவிடும், அது கூடப் பரவாயில்லை. தப்பித் தவறிக் கரைந்தால் அதைவிட வம்பு, ஏராளம் என்றால் எவ்வளவு என்று எவனுக்குத் தெரியும், வைட்டமினும் அளவு மீறினால் ஈரலைப் பிடிக்கும் என்று மூச்சுவிடாமல் சொன்னாள். சொல்லச் சொல்லக் கண்ணில் நீர் கோத்தது.

“மேடை ஏறாதீங்க மாமா. ஊர் சிரிச்சாக்கூடத் தாங்கிக்குவேன். உங்களுக்கு ஏதாவது ஒண்ணுன்னா என்னால தாங்க முடியாது.”

 மாமனாருக்குப் பின்னால் மாமியார் வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. பாவம், அழுகிறார் என்று நினைத்தாள் மருமகள்.

அப்போது போன் அடித்தது. தராசக்கா.

“ஏண்டி, இந்தப் புட்டி மேல அறுபதுன்னு போட்டிருக்கு. எண்ணிப் பார்த்தா அம்பத்துநாலு இருக்கு.”

“ஆமாக்கா, ஆறை நான் எடுத்தேன்ல?”

“அது சரி. நாப்பது நாளா உங்க மாமனார் எதை எடுத்தாரு?”

ஐம்பத்துநாலும் ஆறும் அறுபது. எந்த மாத்திரை வந்தாலும் முதல் வேலை எண்ணுவது. ஆயிரம் புட்டிகளை எண்ணிய கை, வீட்டுப் புட்டிதானே என்று இதை மட்டும் எண்ணாமல் விட்டிருந்தது. போனை மெல்ல வைத்துவிட்டுத் திரும்பினாள். மாமனார் விட்டத்தில் எதையோ மும்முரமாகத் தேடிக்கொண்டிருந்தார். மாமியாருக்கு அதற்கு மேல் அடக்க முடியவில்லை, சுவரில் சாய்ந்து விழுந்து விழுந்து சிரித்தார்.

“பிள்ளை அழுறா பாருங்க. போதும், காட்டிடுங்க.”

மாமனார் கரைந்தார்.

“மாத்திரைன்னு சொன்னா உன் புருஷன் சிரிக்க மாட்டான்னுதாம்மா அதை வாங்கி வச்சேன்” என்று தலையைச் சொறிந்துகொண்டே சட்டைப் பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்து நீட்டினார்.

‘நாலாவது மாடி நடனப் பள்ளி, ஞாயிறு மேடையில் முதல் ஜோடி’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்த அந்த அட்டையில், மாமியாரின் இடுப்பில் ஒரு கையும் வானத்தில் ஒரு கையுமாக, ஒற்றைக் காலில் நின்று பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார் மாமனார்.