காதியார் வரும்வரை

"காதியார் வீட்டில இல்லையாம். அந்திக்குத்தான் வருவாராம்."

கலியாண வழக்குகளைத் தீர்க்கும் காதியாரின் வேலிப் படலையைச் சாத்திவிட்டு வந்த சனூன், மனைவியின் முகத்தைப் பார்க்காமலே சொன்னான். றம்லா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"வரட்டும். காத்திருக்கிறன். இண்டைக்கு எனக்குத் தலாக் வேணும்."

கலியாணமாகி மூன்று வருடம். அவள் சொல்லும் குறை ஒன்றுதான். புருசன் கடலோடு பேசுகிறான், வலையோடு பேசுகிறான், அவளோடு மட்டும் பேசுவதில்லை. நேற்று அவள், "என்னை விட்டுருங்கோ" என்றாள். அவனும் வீம்புக்கு, "சரி, விடியக் காதியாரிட்டப் போவம்" என்றான். சொன்னபடியே கொண்டச்சியிலிருந்து தன் தோணியில் மன்னாருக்குக் கொண்டுவந்து சேர்த்தும் விட்டான்.

"அந்திவரைக்கும் இதில நிண்டு என்ன செய்யிறது? கோட்டையைப் பாப்பமா?"

"விடப்போற பொண்டாட்டிக்குக் கோட்டை ஒரு கேடா?" என்றாள். ஆனாலும் அவன் பின்னால் தோணிக்கு நடந்தாள்.

கோட்டையைச் சுற்றி அகழி. கடல் தண்ணீர் உள்ளே வந்து பச்சையாக நின்றது. சனூன் தோணியை அதற்குள் மெல்ல விட்டான். தண்ணீருக்குள்ளிருந்தே எழும்பி நின்ற மதிலைப் பார்த்து றம்லா வாயைப் பிளந்தாள்.

"அல்லாஹ்! இவ்வளவு பெரிய கல்லெல்லாம் ஆரு தூக்கி வச்சது?"

"பறங்கியர் கட்டினது. பிறகு ஒல்லாந்தர் வந்து பெருப்பிச்சாங்க. இப்ப இங்கிலீசுக்காரன் இருக்கிறான்."

"இதெல்லாம் உங்களுக்குத் தெரியுமா?"

"நீ கேட்டாத்தானே சொல்லுவன்."

மீன்குஞ்சுகள் துள்ளின. அவள் தண்ணீரில் கையை விட்டு அளைந்தாள். பிறகு கோபமாக இருக்கவேண்டும் என்பது நினைவு வந்து, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

பள்ளிமுனைப் பெருக்கமரத்தடியில் அந்தக் கோபமும் நிற்கவில்லை. ஒரு வீட்டளவு பருத்த மரம். ஆளுக்கொரு பக்கம் நின்று கட்டிப்பிடித்துப் பார்த்தார்கள். விரல்கூட எட்டவில்லை.

"றம்லா, இருக்கிறியா?" மறுபக்கத்திலிருந்து அவன் குரல் வந்தது.

"இருக்கிறன்."

"போயிடாத."

அவளுக்கு அழுகை வந்தது. இந்த மனுசனையா விடப்போகிறோம் என்று நினைத்தாள்.

ஆனால் நேற்றுச் சொன்ன சொல்லை முதலில் வாபஸ் வாங்குவது யார்? இரண்டு பேருக்கும் வீம்பு. அந்தி சாய்ந்ததும் கால்கள் காதியார் வீட்டுக்கே திரும்பின.

காதியார் களைத்துப்போய்க் காரிலிருந்து இறங்கினார்.

"நீங்க எந்த ஊர்?"

"கொண்டச்சி," என்றான் சனூன், நிலத்தைப் பார்த்தபடி.

"கொண்டச்சியா? நான் இண்டைக்கு முழுக்க அங்கதானே இருந்தனான்! மாசத்தில முதல் சனி அங்க வாறது உனக்குத் தெரியாதா?"

"தெரியும்," என்று முணுமுணுத்தான். "இவளுக்கு இந்த ஊரைக் காட்டோணும் எண்டு எனக்கு ஆசை. சும்மா கூப்பிட்டா கோபத்தில வரமாட்டாள்..."

காதியார் றம்லாவை இரக்கத்தோடு பார்த்தார். "பாவம் பிள்ளை, உன்னை ஏமாத்திப்போட்டானே!"

"இல்ல காதியார்," முக்காட்டுக்குள் றம்லா சிரித்தாள். "நீங்க அங்க வந்து வழக்குக் கேக்கிறதே எங்கட வாப்பாட வீட்டு விறாந்தையிலதானே!"