முதல் தரச் சிகிச்சை

“முனகணும். ஆனா அதிகாரி பக்கத்துல வந்ததும் சிரிக்கணும். புரியுதா?”

கிளினிக்கின் காத்திருப்பு அறையில் நின்று பாடம் நடத்திக்கொண்டிருந்தார் மேனேஜர். டாக்டர் மனைவியின் தம்பி என்பதைத் தவிர அந்தப் பதவிக்கு அவரிடம் வேறு தகுதி கிடையாது. எதிரே வரிசையாக உட்கார்ந்து தலையாட்டிய நோயாளிகளுக்கோ நோய் கிடையாது.

சினிமா படப்பிடிப்புக்குக் கூட்டம் சேர்த்துத் தரும் ஏஜென்ட் ஒருவர் காலையில் வேனில் கொண்டுவந்து இறக்கிய ஆட்கள் அவர்கள். கிளினிக்கின் தரத்தைச் சோதிக்க சுகாதாரத் துறை அதிகாரி இன்று வருகிறார். நிஜ நோயாளி யாராவது அவரிடம் நாலு வார்த்தை பேசினால் போதும், கிளினிக்குக்கு மூடுவிழாதான். அதனால், “இன்று விடுமுறை, நாளை வரவும்” என்று வாசலில் ஓர் அட்டையைத் தொங்கவிட்டிருந்தார்கள்.

மற்ற ஏற்பாடுகளிலும் குறை வைக்கவில்லை. இசிஜி மெஷின் ஒன்று வாடகைக்கு வந்திருந்தது. வாசல் காவலாளிக்கு வெள்ளைக் கோட்டை மாட்டி லேபில் உட்கார வைத்திருந்தார்கள். அவர் ஒரே கண்ணாடிக் குழாயை வெளிச்சத்தில் பிடித்து அரை மணி நேரமாக ஆராய்ந்துகொண்டிருந்தார். கிளினிக் திறந்த நாளிலிருந்து முதன்முறையாகக் கழிவறையில் சோப்பு இருந்தது.

“மாப்ள, யாராவது உளறிட மாட்டாங்களே?” என்றார் டாக்டர்.

“கவலைய விடுங்க மாமா. எல்லாம் தொழில் தெரிஞ்ச ஆளுங்க. அந்தக் கடைசி நாற்காலியப் பாருங்க. முகத்துல தண்ணியத் தெளிச்சுக்கிட்டு வேர்த்துக் கொட்டுற மாதிரியே உட்கார்ந்திருக்காரு!”

ஐம்பது வயதிருக்கும் அவருக்கு. இடது தோளைப் பிடித்தபடி சுவரில் சாய்ந்திருந்தார். மற்றவர்கள் மடியில் மேனேஜர் கொடுத்த புத்தம்புது நீல ஃபைல். இவர் மடியில் கசங்கிய பிளாஸ்டிக் பை; அதிலிருந்து பழைய மருந்துச் சீட்டுகள் எட்டிப் பார்த்தன.

பதினொரு மணிக்கு அதிகாரி வந்தார். ஒவ்வொரு நாற்காலியாக நின்று விசாரித்தார். ஓர் அம்மாள், “டாக்டர் எனக்குத் தெய்வம்ங்க” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஒருவர், நடக்கவே முடியாமல் வந்தவன் இன்று நடக்கிறேன் என்று எழுந்து நடந்தே காட்டினார். அதிகாரியின் படிவத்தில் டிக் மேல் டிக் விழுந்தது.

கடைசி நாற்காலி வந்தது.

“உங்களுக்கு என்ன பண்ணுது?”

“நெஞ்ச அடைக்குது சார். ரொம்ப நேரமா உட்கார்ந்திருக்கேன். யாருமே வந்து பார்க்கல.”

மேனேஜருக்கு முகம் செத்துவிட்டது. சொல்லிக் கொடுத்த வசனத்தில் இது இல்லை. டாக்டர் பாய்ந்து வந்து அந்த நோயாளியின் தோளில் கை போட்டார்.

“அடுத்து இவரைத்தான் கூப்பிட இருந்தோம் சார். வாங்க, உங்க முன்னாலயே பார்த்துடறேன்.”

உள்ளே படுக்க வைத்து, மார்பில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தார். காதில் மாட்டிக்கொள்ள மறந்துவிட்டார். அதிகாரி அதைக் கவனிக்கவில்லை. அவர் கண் பளபளவென்றிருந்த மெஷின் மேல் இருந்தது.

“அட, இசிஜி கூட இருக்கா?”

“அது இல்லாம எப்படி சார்?”

நர்ஸ் ஒயர்களைப் பொருத்தினாள். நீளமாகக் காகிதம் வந்தது. குத்துக்கல் மாதிரி இருக்கிறவனுக்கு எடுத்த இசிஜியில் பார்க்க என்ன இருக்கிறது? டாக்டர் அதை நாலாக மடித்து ஒரு நீல ஃபைலுக்குள் செருகினார்.

“எல்லாம் நார்மல். வெறும் வாயுத் தொல்லை.”

“டாக்டர்... கை மரத்துப் போகுது...”

“சரியாயிடும், சரியாயிடும்” என்று சத்தமாகச் சொன்ன டாக்டர், அவர் காதருகே குனிந்து, “போதும்யா, ரொம்ப ஓவராப் போகாத” என்று பல்லைக் கடித்தார். அந்த மனிதர் ஒன்றும் புரியாமல் பார்த்தார். நர்ஸ் கைத்தாங்கலாகக் கூட்டிப்போய்ப் பழைய இடத்திலேயே உட்கார வைத்தாள்.

“ஒரு சாதாரண நோயாளிய இவ்வளவு அக்கறையாக் கவனிக்கிற இடத்த நான் பார்த்ததே இல்ல” என்றார் அதிகாரி. டீயைக் குடித்துவிட்டு, ‘முதல் தரம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அவருடைய கார் தெருமுனையில் திரும்பியதுதான் தாமதம், மேனேஜர் துள்ளிக் குதித்து மாமாவைக் கட்டிக்கொண்டார். காத்திருப்பு அறை கலகலத்தது. முனகியவர்களெல்லாம் சோம்பல் முறித்து, அரட்டை அடித்தபடி வேனுக்குக் கிளம்பினார்கள். ஐந்து நிமிடத்தில் அறை காலி. கடைசி நாற்காலியைத் தவிர.

மேனேஜர் அதன் அருகில் போனார்.

“அண்ணே, நடுவுல வயித்துல புளியக் கரைச்சுட்டீங்க. பரவாயில்ல, அதுதான் எடுபட்டுது. எல்லாம் முடிஞ்சுது, எழுந்திரிங்க.”

அவர் எழவில்லை. தலை மார்பில் தொங்கியிருந்தது. மேனேஜர் டாக்டரைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

“இன்னும் நடிப்ப விடல பாருங்க மாமா!”

டாக்டரும் சிரித்தார். வேன் ஹாரன் அடித்தது. சொல்லிக்கொண்டு போக வந்த ஏஜென்ட், வாசலிலேயே நின்று அந்த நாற்காலியைப் பார்த்தார்.

“எங்க ஆளுங்க எல்லாரும் வண்டியில ஏறியாச்சே சார்... இவரு யாரு?”