கூச்சம்

“சிஸ்டர், அவங்க காலையிலேருந்து ஒரு வாய் தண்ணி குடிக்கல,” என்றாள் தவமணி, வார்டு வாசலில் நின்றபடி.

“ஆபரேஷன் பண்ண உடம்பும்மா. குடிக்காம இருந்தா எப்படி?”

“குடிச்சா பெட்பான் வைக்கணுமே! சுத்திலும் இத்தனை பேர். நேத்து இடுப்புக் கட்டு மாத்தறப்போ கண்ணை இறுக்க மூடிக்கிட்டு அழுதுட்டாங்க. வேற வார்டுக்கு மாத்துங்களேன்.”

“சாயங்காலம்தான் அங்கே கட்டில் காலியாகும். மறைப்புத் தட்டியெல்லாம் பிரசவ வார்டுல இருக்கு,” என்ற சிஸ்டர் ரோஸலின், தவமணியின் முகத்தைப் பார்த்ததும், “வா, ஏதாவது செய்வோம்” என்று உள்ளே நடந்தாள்.

பெண்கள் வார்டின் நடுக் கட்டிலில், போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு கிடந்தார் தவமணியின் கணவர் உலகநாதன். ரயில்வே பட்டறையில் சம்மட்டி பிடிக்கும் முரட்டு ஆள். ஆண்கள் வார்டில் இடமில்லாமல் இங்கே படுக்க வைத்திருந்தார்கள்.

“ஆமா சிஸ்டர், ஆம்பளைன்னா கூச்சம் இருக்காதா? எங்களுக்கும்தான் கஷ்டமா இருக்கு,” என்ற பக்கத்துக் கட்டில் நாகம்மா, தன் மாற்றுச் சேலையை எடுத்து நீட்டினாள். வேறு சிலரும் நீட்டினார்கள். கயிறு கட்டி, கட்டிலைச் சுற்றிச் சேலைகளைத் தொங்கவிட்டாள் சிஸ்டர்.

சாயங்காலம் ஸ்ட்ரெச்சரில் ஆண்கள் வார்டுக்குப் போகும்போதுதான் உலகநாதன் முதல்முறையாக அந்தப் பெண்களை ஏறெடுத்துப் பார்த்தார். கைகூப்பினார்.

“நல்லா இருங்கம்மா” என்றார்.