அன்னக்கிளிக்கு இடம் உண்டு

குன்னூரில் பெண்களுக்காகப் பத்திரிகை நடத்திய இசக்கியம்மா, தாயகம் திரும்புவோருக்கான மறுவாழ்வு அலுவலகத்துக்கு நடந்து நடந்து அலுத்துப்போனாள். சிலோனிலிருந்து திரும்பிய தோட்டத் தொழிலாளி தங்கையா, மனைவி அன்னக்கிளியை அங்கேயே விட்டுவிட்டு வந்திருந்தான். அவளை அழைத்துவரத்தான் இந்த அலைச்சல்.

"ஏனுங்கம்மா, மறுபடியும் வந்துட்டீங்களா?" என்று சலித்துக்கொண்டார் அதிகாரி.

"நீங்க கையெழுத்துப் போடற வரைக்கும் வருவேன்."

"புருஷனே கேக்கலீங்க. அவன் இங்க வேறொருத்தியைக் கட்டிக்கிட்டானாம். அன்னக்கிளி வந்தா, அந்தப் பொம்பள ஊட்டுக்குள்ள விடுவாளா?"

இசக்கியம்மா மனுவை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"விடுவா சார். அன்னக்கிளி இருக்கறதை மறைச்சு அவன் கட்டினது என்னைத்தான். அவனைத் துரத்திட்டேன். அவளை வரச்சொல்லுங்க."