கோட்டை கட்டியவர்கள்

வெள்ளைக்காரக் கடற்படை திருகோணமலையை விட்டுப் போன மறுவருடம். துறைமுகத் தொழிலாளருக்கான ஞாயிறு வகுப்புக்குக் கல்வி அதிகாரி வந்திருந்தார். வகுப்பெடுத்துக்கொண்டிருந்த றுக்கியா டீச்சர் சோக்கட்டியை வைத்துவிட்டு ஒதுங்கி நின்றாள்.

"உலக வரலாற்றில திரும்பத் திரும்ப நடக்கிறது என்ன?" என்று அதிகாரி கேட்டார்.

கடைசி வாங்குப் பலகையிலிருந்து முதிய தொழிலாளி அபூதாஹிர் எழும்பினார்.

"துறைமுகம் தேடி வாறவங்க கோட்டை கட்டுவாங்க, சேர். பிறகு ஒருநாள் விட்டுட்டுப் போவாங்க. ரோமரும் அப்படித்தான் எண்டு டீச்சர் சொன்னாங்க. வெள்ளைக்காரன்ட பெட்டிகளை நானே கப்பலில ஏத்தினேன்."

அதிகாரி வியந்துபோனார். "நல்லாப் படிப்பிச்சிருக்கிறா! இப்பிடி ஒரு டீச்சரை ஆர் படிப்பிச்சது?"

"நான்தான் சேர், மூட்டை சுமந்து. என்ட மகள்."

வகுப்பு கைதட்டியது. றுக்கியா அத்தனை பேருக்கும் முன்னால், வகுப்பில் முதல்முறையாக அவரை "வாப்பா" என்று அழைத்தாள்.