பதினோரு ஏக்கர் புல்

எஞ்சின் மூன்றாவது முறையும் இருமிவிட்டு நின்றது.

நான்கு குதிரைகளும் காதைத் திருப்பிப் பார்த்தன. பிறகு பழையபடி வாலால் ஈ விரட்டத் தொடங்கின.

மெக்கானிக் இயந்திரத்தின் அடியிலிருந்து தலையை நீட்டி மேற்கே பார்த்தாள். வானம் அங்கே ஈயம்போல் மங்கிக் கிடந்தது.

மணி ஒன்றரை. பதினோரு ஏக்கர் புல் அறுத்து, காய்ந்து, வரிசை வரிசையாகத் தரையில் கிடந்தது. சாயங்காலத்துக்குள் அதைக் கட்டுகளாக்கிக் களஞ்சியத்தில் ஏற்றியாக வேண்டும். நனைந்தால் அழுகிவிடும். இருபத்திரண்டு மாடுகளுக்குக் குளிர்காலம் முழுக்க அதுதான் தீனி.

இயந்திரத்தை இழுக்கக் குதிரைகள். புல்லை அழுத்திக் கட்ட, அதன் முதுகில் ஒரு டீசல் எஞ்சின். நவீன வசதிகளை ஒதுக்கி வாழும் ஆமிஷ் கிறிஸ்தவர்களின் சபை அனுமதித்தது அவ்வளவுதான், டிராக்டர் கிடையாது. காலை ஏழு மணிக்கு ஓட்டிப் பார்த்தபோதே எஞ்சின் மக்கர் செய்தது. பண்ணைக்காரர் ஏனோஸ் யுட்ஸி ஒரு மைல் நடந்துபோய், சாலையோரத் தொலைபேசிக் கூண்டிலிருந்து டவுன் ஒர்க்‌ஷாப்பைக் கூப்பிட்டார். மெக்கானிக் வந்து சேர மத்தியானம் ஒரு மணி ஆகிவிட்டது.

"காலையில வேற வேலையில மாட்டிக்கிட்டேன்" என்றாள் அவள், வந்ததும்.

ஏனோஸ் தலையை மட்டும் அசைத்தார்.

அவள் ஸ்பேனர் கேட்டால் அவர் கையில் கொடுப்பதில்லை. வண்டிப் பலகையில் வைப்பார், அவள் எடுத்துக்கொள்வாள். கழற்றிய ஃபில்டரை அவள் அவரிடம் நீட்டப்போய், பாதியில் நிறுத்திப் பலகையில் வைத்தாள். அதற்குப் பிறகுதான் அவர் எடுத்துப் பார்த்தார். உள்ளே பாதிக்குப் பாதி தண்ணீர்.

"குதிரைக்கு இந்த வியாதியெல்லாம் வர்றதில்ல" என்றார். அவளைப் பார்த்துச் சொன்னாரா, எஞ்சினைப் பார்த்துச் சொன்னாரா என்று தெரியவில்லை.

"குதிரைக்கு வந்தா ஸ்பேர் பார்ட்ஸ் கிடைக்காதே."

அவருடைய தாடி லேசாக அசைந்தது. குதிரைகளைப் பிடித்துக்கொண்டிருந்த அவர் மனைவி சலோமா சட்டென்று முகத்தை வேறுபக்கம் திருப்பிக்கொண்டாள். தோள்கள் மட்டும் குலுங்கின.

மெக்கானிக் டீசலை வடித்தாள், புது ஃபில்டர் மாட்டினாள். குழாயில் புகுந்த காற்றை வெளியேற்ற நட்டைத் தளர்த்திக்கொண்டு, "இப்ப ஸ்டார்ட் பண்ணுங்க" என்றாள்.

குழாயில் நுரை நுரையாய் வந்தது. பிறகு சுத்தமான டீசல். அவள் நட்டை இறுக்கிய அதே நொடியில் எஞ்சின் உறுமிக் கிளம்பியது. பெல்ட் சுழன்றது. அவளுடைய சட்டைக் கை அதற்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது.

ஏனோஸ் பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார்.

இழுத்தவர் உடனே விடவில்லை. பிறகு ஏதோ நினைவு வந்தவர்போல் விட்டுவிட்டு, குதிரைகளிடம் போனார்.

வேலை முடிந்தது, மெக்கானிக் கிளம்பியிருக்கலாம். அவள் டூல் பெட்டியைத் தன் பிக்கப் வண்டியில் போட்டாள், முடியை இறுக்கிக் கட்டினாள், புல் வண்டியில் ஏறிக்கொண்டாள்.

யாரும் அவளை ஏறச் சொல்லவில்லை. யாரும் இறங்கவும் சொல்லவில்லை.

இயந்திரம் கட்டு கட்டாகத் தள்ள, அவள் வாங்கி வாங்கி அடுக்கினாள். பக்கத்துப் பண்ணைகளிலிருந்து ஆறு பேர் வந்து களஞ்சியத்தில் ஏற்றினார்கள். கடைசி வண்டி உள்ளே போய்க் கதவு சாத்தியபோது, தகரக் கூரையில் முதல் துளிகள் விழுந்தன.

உதவிக்கு வந்தவர்கள் தொப்பியைத் தலையில் அமுக்கிக்கொண்டு ஓடினார்கள். மெக்கானிக்கும் தன் வண்டியை நோக்கி நடந்தாள்.

"சாப்பிடாம எங்க போற? வா, வெர்னா" என்றாள் சலோமா.

சமையலறையில் பெரிய மேசைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மேசை. இரண்டுக்கும் நடுவே ஒரு விரல்கடை இடைவெளி. சின்ன மேசையில் ஒரே ஒரு தட்டு.

ஞானஸ்நானம் வாங்கிய பிறகு சபையை விட்டுப் போனவர்களுக்குக் கையில் எதையும் கொடுக்கக் கூடாது, அவர்கள் கையிலிருந்து எதையும் வாங்கக் கூடாது, ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடவும் கூடாது. வெர்னா போய் நான்கு வருடம் ஆகிறது.

ஆனால் மேசை விரிப்பைப் பற்றிச் சபை எதுவும் சொல்லவில்லை. சலோமா ஒரே பெரிய விரிப்பை எடுத்து இரண்டு மேசைகளுக்கும் சேர்த்து விரித்திருந்தாள்.

ஏனோஸ் அதைப் பார்த்தார். விரிப்புக்கு அடியில் இடைவெளி இருக்கிறதா என்று ஒரு விரலால் அழுத்திப் பார்த்தார். இருந்தது. நாற்காலியை இழுத்து, அந்த இடைவெளியின் ஓரமாகவே உட்கார்ந்தார்.

கோழியும் நூடுல்ஸும், பீட்ரூட் ஊறுகாயும் சாப்பிட்டார்கள். வெளியே மழை கொட்டித் தீர்த்தது.

மறுநாள் காலை ஒர்க்‌ஷாப்பில் முதலாளி ரஸ், காப்பிக் கோப்பையோடு அவளிடம் வந்து நின்றார். அந்த ஊருக்கு அவர் புதிது.

"நேத்து கூப்பிட்டாரே, அந்தப் பெரியவர் ஒரு மாதிரியான ஆளும்மா. க்ளெனும் மெக்கானிக்தானே, காலையிலேருந்து இங்க சும்மாதான் உக்காந்திருந்தான். அரை மணி நேரத்துல அவனை அனுப்புறேன்னு சொன்னேன். வேண்டாம்னுட்டார். உன்னைத்தான் அனுப்பணுமாம். நீ வர மத்தியானம் ஆயிடும், மழை வந்தாலும் வந்துரும்னுகூடச் சொல்லிப் பார்த்தேன்."

வெர்னா கையைத் துடைப்பதை நிறுத்தினாள்.

"அதுக்கு என்ன சொன்னார்?"

"மழை வந்தா வரட்டும், எம் பொண்ணு வந்து பார்க்கட்டும்னார்."