முதல் வரிசை

ஃபோட்டோவில் வகுப்பே இருந்தது. ஸ்ரீஜாவை மட்டும் காணோம்.

நந்தகுமார் போன் திரையைப் பெரிதாக்கிப் பார்த்தான். யூகேஜி பிள்ளைகள் ஆளுக்கொரு காய்கறியைக் கையில் பிடித்துக்கொண்டு பல்லைக் காட்டிச் சிரித்தார்கள். பின்னால், 'செய்து பார்த்துக் கற்போம்' என்று ஆங்கிலத்தில் ஒரு பேனர். ஓரத்தில், அலமாரிக்குப் பின்னால் குனிந்த தலை ஒன்று பாதி தெரிந்தது. ரிப்பனை வைத்துத்தான் மகள் என்று கண்டுபிடிக்க முடிந்தது.

"எப்பப் பாரு இப்படித்தான். அந்த நஸ்ரின் மிஸ்ஸுக்கு நம்ம பொண்ணு கண்ணுக்கே தெரியலையா?" என்றாள் மனைவி ஷோபா. வாட்ஸப் குழுவில் மற்ற அம்மாக்கள் இதயமாக விட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஸ்ரீஜாவுக்கு அந்தக் கவலையெல்லாம் கிடையாது. நந்தகுமார் காஞ்சன்பாக் ஆபீசிலிருந்து வந்து ஷூவைக் கழற்றுவதற்குள் மடியில் ஏறிவிடுவாள். பழுத்த பாகற்காயின் விதை செக்கச்செவேல் என்று இருக்குமாம், வெண்டைக்காயைக் கிள்ளினால் விரலில் நூல் நூலாக வருமாம். வீட்டுத் தமிழும் ஊர்த் தெலுங்கும் கலந்து கதை கதையாகச் சொல்வாள்.

கேட்கக் கேட்க அவனுக்குத் தான் வளர்ந்த மௌலா அலி ரயில்வே காலனி ஞாபகம் வந்துவிடும். அவன் படித்த நர்சரியில் பேனரும் இல்லை, ஃபோட்டோவும் இல்லை. எலிசபெத் டீச்சர் பாய் நடுவில் சீதாப்பழத்தை வைத்துவிட்டு, உள்ளே என்ன இருக்கிறது என்று நீங்களே பாருங்கள் என்பார். அத்தனை கைகளும் ஒரே நேரத்தில் பாயும். சட்டையெல்லாம் பிசுக்கு, வீட்டில் முதுகில் ரெண்டு வைப்பார்கள். ஆனாலும் அந்தக் கறுப்புக் கொட்டைகளின் வழவழப்பு இன்னும் அவன் விரலை விட்டுப் போகவில்லை. அந்தக் காலம் திரும்பாது என்று நினைத்து ஏங்கிப் போவான்.

அதற்காக ஃபோட்டோவை விட்டுவிட முடியுமா?

மறுநாள் அரைநாள் லீவு போட்டுவிட்டு, பிரின்சிபால் கிரிஜா மேடத்தின் எதிரே போய் உட்கார்ந்தான். ஊரார் பிள்ளைக்கு ஒரு நியாயம், என் பிள்ளைக்கு ஒரு நியாயமா என்று கேட்டான். குழுவிலேயே எழுதப் போகிறேன் என்றும் சொல்லிவைத்தான். அதில்தான் மேடம் ஆடிப்போனார். நஸ்ரினைக் கூப்பிட்டு அவன் எதிரிலேயே கண்டித்தார். இன்னொரு புகார் வந்தால் வேறு பள்ளியைப் பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

நஸ்ரின் வேலைக்குச் சேர்ந்து அதிக நாள் ஆகாத சின்னப் பெண். அவன் பக்கம் திரும்பி இந்தியில் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"சார், ஸ்ரீஜா வீட்டுக்கு வந்து கிளாஸைப் பத்தி ஏதாவது சொல்றாளா?"

"அதெல்லாம் நிறையச் சொல்றா. நான் கேக்கறது ஃபோட்டோவைப் பத்தி."

அவள் ஒருமுறை மேடத்தைப் பார்த்தாள். "சரி சார். இனிமே முதல் வரிசையில நிக்க வைக்கிறேன்" என்றாள்.

சொன்னபடியே செய்தாள். அடுத்த ஃபோட்டோவில் முதல் வரிசையில் நட்டநடுவே ஸ்ரீஜா, கையில் பச்சை மட்டையோடு ஒரு மக்காச்சோளம். ஷோபா உடனே அதை ஸ்டேட்டஸில் வைத்தாள். நந்தகுமார் ஆபீசில் மேசை மேசையாகப் போய்க் காட்டினான்.

அன்று சாயங்காலம் ஸ்ரீஜா மடியில் ஏறவில்லை. டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். அவனே பக்கத்தில் போய் உட்கார்ந்து, மக்காச்சோளத்துக்குள்ளே என்ன பார்த்தாய் என்று ஆசையாகக் கேட்டான்.

"தெலீது டாடி" என்றாள் தெலுங்கில்.

"தெரியாதா? உரிச்சுப் பாக்கலையா?"

"ஃபோட்டோ எடுத்ததும் எல்லார்கிட்டேர்ந்தும் வாங்கிட்டாங்க. பக்கத்து கிளாஸுக்கும் அதை வெச்சுத்தான் ஃபோட்டோவாம்."

"அப்போ பாகற்காயை மட்டும் எப்படிப் பிச்சுப் பாத்தே?"

ஸ்ரீஜா டிவியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்.

"உள்ள என்ன இருக்குன்னு நான் கேட்டேன்ல, அதனால மிஸ் அவங்க பையிலேர்ந்து எனக்கு மட்டும் ஒண்ணு குடுப்பாங்க. ஃபோட்டோ நக்கோ, உனக்கு அது வேணாம், நீ அலமாரி பின்னாடி உக்காந்து பிச்சுப் பாருன்னு சொல்வாங்க."